பிள்ளைக்குத் தைத்த கவுன்

சங்கரன்கோவில் ரயிலடிக்குப் பின்னால் இருந்த சின்ன வேதக்கோவிலில் சபையார் மொத்தம் நாற்பத்தோரு பேர். எல்லாரிலும் இளையவன் பவுல்பாண்டியன், வயது நாற்பத்தாறு. வாலிபர் சங்கத்துக்குத் தலைவனும் அவன்தான், உறுப்பினனும் அவன்தான். மற்ற வாலிபர்கள் எல்லாரும் நன்றாகப் படித்தார்கள், ரயிலேறிப் போய்விட்டார்கள். பிலாய், பம்பாய், குவைத். போன இடத்தில் ஒன்று, இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் ஞானபாய் மட்டும் ஞாயிறுதோறும் ஒன்பது மணிக்குச் சின்னப் பிள்ளைகளுக்கான ஓய்வுநாள் பள்ளி நடத்துவாள். காலி பெஞ்சுக்குக் கதை சொல்லி, ஜெபம் பண்ணி, வருகைப் பதிவில் சைபர் போட்டுவிட்டுப் போவாள்.

மணியடிக்கிற ஜீவரத்தினத்துக்கு அறுபத்தெட்டு வயது. எழுத்து தெரியாது, ஆகையால் எந்தக் காகிதத்தையும் நம்பமாட்டார். 1984 ஆகஸ்டில் மேலிடத்திலிருந்து வந்த காகிதத்தை நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது. மூன்று வருஷமாக ஞானஸ்நானம் நடக்காத சபையை டிசம்பரோடு பக்கத்துச் சபையில் சேர்த்துவிடுவார்களாம். கோவிலுக்குப் பூட்டு. மணி பனவடலிசத்திரத்துக்கு. பின்னால் ஜீவரத்தினம் படுக்கிற அறைக்கும் பூட்டு.

கூட்டம் போட்டார்கள்.

"பவுல்பாண்டியனுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணிவச்சா என்ன?" என்றாள் ஞானபாய்.

"பிள்ளைக்குப் பத்து மாசம் ஆகும் டீச்சர். அவங்க குடுத்தது நாலு," என்றார் பாதிரியார் தேவசுந்தரம். சபையார் அவரை ஐயர் என்பார்கள்.

"பொண்ணு பாக்கதுலயே எனக்கு இருவது வருசம் போயிட்டு," என்றான் பவுல்பாண்டியன்.

ஜீவரத்தினத்தின் மகனுக்கு பிலாயில் அப்போதுதான் ஆண்பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரச்சொல்லி ஞானபாயை எழுதவைத்தார். பதில் வந்தது. பிள்ளைக்கு இங்கேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது, ஆபரேஷனும் ஆகிவிட்டது, அடுத்ததை எதிர்பார்க்க வேண்டாம்.

"சரியாத்தான் வாசிச்சியளா டீச்சர்?"

மறுபடி வாசித்தாள். அதேதான்.

நவம்பர் கடைசியில் ஜீவரத்தினம் ஐயர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஐயரே, ஞானஸ்நானத்துக்கு ஒரு ஆள் இருக்கு."

"யாரு பிள்ளை?"

"கெணறு வெட்டுன சுடலைமுத்தோட பிள்ள."

"அவரு உங்க அப்பால்லா?"

"ஆமா. நாந்தான்."

ஐயர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"புதுசா ரயில் விட்ட வருசம் எங்கப்பன் வேதத்துல சேர்ந்தான். வீட்டுல எல்லாருக்கும் தண்ணி ஊத்துன அன்னைக்கு நான் ரயில் பாக்கப் போயிட்டேன். பேரு மட்டும் வச்சாங்க. பொறவு எவனும் கேக்கல, நானும் சொல்லல. சொன்னா மணியடிக்கிற வேலை போயிரும்லா."

"ஞானஸ்நானம் இல்லாமலா நாப்பது வருசமா இராப்போஜன அப்பம் வாங்கியிருக்கீங்க அண்ணாச்சி?"

"நீங்க குடுத்தீங்க, வாங்கினேன்."

"இதுக்கு உங்கள வேலைய விட்டே எடுக்கணும்."

"எடுங்க. மொதல்ல தண்ணிய ஊத்துங்க, பொறவு எடுங்க."

அடுத்த ஞாயிறே தண்ணீர் ஊற்றினார்கள். ஞானத்தகப்பன் பவுல்பாண்டியன், ஞானமகனைவிட இருபத்திரண்டு வயது இளையவன். பதிவேட்டில் 'குழந்தையின் பெயர்' என்று அச்சடித்திருந்த இடத்தில் ஐயர் ஜீவரத்தினம் என்று எழுதினார். ஜீவரத்தினம் நம்பாமல் ஞானபாயை வாசிக்கச் சொன்னார். அடுத்த பிள்ளைக்கென்று மூன்று வருஷத்துக்கு முன்னால் தைத்து வைத்திருந்த வெள்ளைக் கவுனை அவள் கொண்டுவந்திருந்தாள். கவுனுக்குள் அவருடைய கை நுழையவில்லை. தலையில் கவிழ்த்துவிட்டாள்.

பதிவேட்டைப் பார்த்துவிட்டு டிசம்பரில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. சபை இருக்கட்டும், மணி இருக்கட்டும். ஜீவரத்தினத்தை வேலையைவிட்டு எடுப்பதைப் பற்றி ஐயர் வாயைத் திறக்கவில்லை. ஞானபாய்தான் திறந்தாள்.

"பதிவுல குழந்தைன்னு இருக்கு, நாந்தான வாசிச்சேன். ஞாயித்துக்கெழம ஒம்பது மணிக்கு வந்திருங்க."

"ஒம்பதுக்கு நான் மணியடிக்கணும்லா."

"பவுல்பாண்டியன் அடிப்பான்."

ஜனவரி முதல் ஞாயிறு, ஜீவரத்தினம் அந்தச் சின்ன பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். வெளியே மணி தாறுமாறாய் அடித்தது.

"ஜீவரத்தினம்," என்று பேர் வாசித்தாள் ஞானபாய்.

"கயித்த விட்டு விட்டு இழுக்கச் சொல்லுங்க அந்தப் பயல."

"கிளாஸ்ல பேசப்படாது. ஜீவரத்தினம்."

பல்லைக் கடித்துக்கொண்டு மணி ஓயும்வரை இருந்தார்.

"இங்கனதான் இருக்கேன்," என்றார்.

ஞானபாய் சைபர் போடப் போன கையை நிறுத்தி, ஒன்று என்று போட்டாள்.