பாதி மெழுகிய அடுப்பு

"அதக் கீழ வையுங்க சித்தப்பா."

மூக்கன் வைக்கவில்லை. கரண்டு அடுப்பைக் கோணிச்சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து இறங்கினார். காம்பராக்கள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் கானை நோக்கி நடந்தார். சண்முகவடிவு பின்னாலேயே ஓடிப்போய்ச் சாக்கின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே, குடும்பமே புழங்கும் ஒற்றை அறைக் காம்பராவில் அவளுடைய மாமியார் மீனம்மா, வாங்குப் பலகையின் மேல் வெள்ளைத்துணி போர்த்திக் கிடக்கிறாள். வாசலில் மருமகளும் செத்தவளின் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் சாக்கைப் பிடித்து இழுக்கிறார்கள். அழுவதற்கென்று வந்த சனம் அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

"எங்க அக்காவக் கொன்ன சாமான் புள்ள இது. கான்ல போட்டு ஒடச்சாத்தான் என் வயிறு ஆறும்."

"இது கொல்லல. டாக்டரையா வந்து பாத்துட்டுச் சொன்னாரில்ல, நெஞ்சு அடச்சுப் போயிருக்குன்னு?"

"அவரு வாசப்படியிலயே நின்னு பாத்தவரு. அவருக்கு என்னா தெரியும்? கையில ஈரச் சாணித்துணி. மூஞ்சிக்கு நேரா அடுப்பு. கரண்டு அடிக்காம வேற என்னா?"

வடிவு சாக்கை விடவில்லை. விட்டால் போவது அடுப்பு மட்டுமில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த அடுப்பு வந்து இரண்டு வருசமாகிறது. தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு அதை நடத்தத் தொரைமார் மாறி மாறி வந்து போனார்கள். அதில் ஒருவருக்கு மட்டும் என்ன தோன்றியதோ, தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்து லயம்தானே என்று ஆறு காம்பராக்களுக்குக் கம்பி இழுத்துக் கொடுத்தார். மலைக்கு அந்தப் பக்கம் நோட்டன் பிரிட்ஜில் தண்ணீரைக் கட்டிக் கரண்டு எடுத்து எங்கெங்கோ அனுப்புகிறார்கள். அந்த மழையில் நனைந்து கொழுந்தெடுக்கிறவர்களுக்கு அதுவரைக்கும் மண்ணெண்ணெய்க் குப்பிலாம்புதான். கம்பி வந்த மாதமே வடிவின் புருசன் அழகுமுத்து தலவாக்கலைக்குப் போய், சுருள்கம்பி மேலே தெரிகிற ஒற்றை அடுப்பு ஒன்றை வாங்கி வந்தான். காரணம் அவர்கள் மகள் பூரணி. ஈர விறகுப் புகையில் அந்தப் பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு வாங்கும். சன்னல் இல்லாத காம்பராவில் புகைக்குப் போக வேறு இடம் கிடையாது. பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போனது. அடுப்பு மாறியதும் இழுப்பு நின்றுவிட்டது. வடிவுக்கு அந்தக் கரண்டு அடுப்பின் மேல் இருந்தது ஆசை இல்லை, வைராக்கியம்.

கம்பி பூட்ட வந்த றோலண்ட் போகிற போக்கில் சொன்னதையெல்லாம் அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கையைத் துடைக்காமல் சுவிட்சைத் தொடக்கூடாது. வெறுந்தரையில் நிற்காமல் பலகை மேல் நிற்க வேண்டும். சட்டி தட்டையாக இருக்க வேண்டும், துழாவுவதற்கு மர அகப்பை, கஞ்சி பொங்கிக் கம்பியில் வழிந்தால் அன்றைக்கு வீட்டில் ரகளைதான். இந்தச் சட்டதிட்டத்துக்கெல்லாம் மடங்கிய மீனம்மா, ஒரு விசயத்தில் மட்டும் மடங்கவில்லை. வெள்ளிக்கிழமை அடுப்பு மெழுகுவது.

"மாமி, இது மண்ணடுப்பு இல்ல. ஈரக்கையோட கிட்ட போகாதீங்க."

"சோறு வேகுதில்ல? அப்ப அதுவும் அடுப்புதான். மெழுகாத அடுப்புல ஆக்குன சோறு எனக்கு எறங்காது."

இரண்டு பேரும் ஒரு மாதம் பேசாமல்கூட இருந்து பார்த்தார்கள். கடைசியில் வடிவு ஒரு நிபந்தனை போட்டாள். முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிளக்கைச் சுவர் ஆணியில் மாட்ட வேண்டும். அதற்குப் பிறகு அடுப்பை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டுச் சாணியில் கை வைக்கலாம். மீனம்மா ஒத்துக்கொண்டாள். ஆனால் மருமகளைச் சீண்டாமல் விடுவாளா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவாள். "கழட்டியாச்சு!" கொஞ்ச நேரம் கழித்து, "மாட்டியாச்சு!" மண்மேடையை மெழுகி முடித்து, அது காய்ந்ததும் அடுப்பைத் திரும்ப அதன் மேல் வைத்து, ஓரத்தில் ஒரு பொட்டுக் குங்குமம். எரிச்சலில் தொடங்கியது நாளாக நாளாகப் பழக்கமாகிவிட்டது. வடிவும் அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் கொழுந்தெடுக்க மலைக்கு இறங்குவாள்.

இன்றைக்கும் கேட்டாள். ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போவதற்காக இஸ்தோப்பில் நின்று இடுப்பில் படங்குத்துணி கட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு சொல்லும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சாணிச்சட்டி உருண்ட சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தபோது மாமி சுவரில் சாய்ந்து கிடந்தாள். பிளக் ஆணியில் தொங்கியது. கொஞ்ச நாளாகவே ஏற்றத்தில் நின்று நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவள்தான். அழகுமுத்து எத்தனை தடவை கூப்பிட்டும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

"நான் என் காதால கேட்டேன் சித்தப்பா. பிளக்கு ஆணியிலதான் தொங்குச்சு."

"நீதான் ஓடிவந்து கழட்டி மாட்டியிருப்ப."

மாமியார் செத்துக் கிடக்க, முதல் வேலையாகப் பிளக்கைக் கழற்றித் தன் தப்பை மறைத்த மருமகள் என்று சொல்கிறார். அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். அழுதால் சாக்கு நழுவிவிடும்.

அப்போதுதான் கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். சவப்பெட்டி செய்யப் பலகை கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தொரை காதுக்குப் போயிருச்சு. லயத்துல கரண்டுல சாவு விழுந்தா அவரு தலைக்குத்தான் வரும். பிரேதம் எடுத்ததும் ஆறு காம்பரா கம்பியையும் வெட்டச் சொல்லிட்டாரு."

"டாக்டரையா நெஞ்சுவலின்னு சொன்னாரே ஐயா."

"சொன்னாரு. ஆனா செத்தவுங்க தம்பியே கரண்டுன்னு சொல்றப்ப நான் என்னா பண்றது?"

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. ஆறு காம்பராக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துக் காம்பரா வீரம்மா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

வடிவு சாக்கை விடாமலே திரும்பினாள். "ஐயா, கொஞ்சம் நில்லுங்க. மாமியக் குளிப்பாட்டத் தண்ணி சுட வைக்கணும். இந்த அடுப்புலயே வைக்கிறேன். எல்லாரும் பாருங்க."

"பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றார் மூக்கன். "பொணம் கெடக்குற வீட்டுல அடுப்பு மூட்டுறதா? நம்ம சனத்துல உண்டா?"

"பச்சத்தண்ணி மாமிக்கு ஆகாது சித்தப்பா. கோடையிலயும் சுடுதண்ணி கேப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"அதுக்காக? எங்க அக்கா குங்குமம் வச்சுக் கும்புட்ட அடுப்பு. எழவு வீட்டுல எரியக்கூடாது."

வடிவு ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். இது அடுப்பே இல்லை, நெருப்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இரண்டு வருசமாக மாமியிடம் சொன்னதும் அதுதான். இன்றைக்கு, மாமி உள்ளே கிடக்கும்போது, அதைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"சரி. அடுப்புதான்," என்றாள். "எழவு வீட்டுல எரிய வேணாம். பக்கத்து வீட்டுல வச்சுத் தரலாமில்ல? அதுதானே நம்ம வழக்கம்? வீரம்மாக்கா, உங்க வீட்டுலயும் கரண்டு இருக்கு. வைக்க விடுவீங்களா?"

வீரம்மா புருசனைப் பார்த்தாள். அவன் வேறு எங்கோ பார்த்தான். அவள் மெல்லத் தலையாட்டினாள்.

அதுவரைக்கும் இஸ்தோப்புச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அழகுமுத்து எழுந்து வந்தான்.

"குடுங்க மாமா," என்று சாக்கில் கை வைத்தான்.

மருமகளோடு மல்லுக்கு நின்றவர், தாயைப் பறிகொடுத்தவனிடம் மல்லுக்கு நிற்க முடியாமல் கையை எடுத்துவிட்டார்.

பெண்கள் மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போய்ப் பிடித்து வந்தார்கள். வீரம்மாவின் காம்பராவுக்குள் பத்துப் பேர் நிற்கலாம். இருபது பேர் நின்றார்கள். வாசல் நிலையைப் பிடித்தபடி மூக்கனும், அவருக்குப் பின்னால் குடையோடு முத்துலிங்கமும். வடிவு பலகையை இழுத்துப் போட்டு அதன் மேல் அடுப்பை வைத்தாள். இன்னொரு பலகையில் தான் ஏறி நின்றாள். கையை முந்தானையில் துடைத்தாள், புறங்கையையும் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள். தட்டையான அலுமினியச் சட்டியின் அடியை உலர்ந்த துணியால் துடைத்து அடுப்பின் மேல் வைத்த பிறகுதான் பிளக்கைச் சொருகினாள். சுவிட்சைத் தட்டியபோது கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

சுருள்கம்பி மெல்லச் சிவந்தது. மாமியின் போன வெள்ளிக்கிழமைக் குங்குமம் அடுப்பின் ஓரத்தில் கறுத்து ஒட்டியிருந்தது. வடிவு குனிந்து சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்த நேரம் பார்த்து ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், பிள்ளையின் மூச்சும் போச்சு, மாமியின் பேரும் போச்சு. தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கி, ஆவி கிளம்பி, வீரம்மாவின் புகை படியாத கூரைத் தகரத்தில் பனித்தது.

போதும் என்று பட்டதும் சுவிட்சை நிறுத்தினாள். பிளக்கைப் பிடித்து இழுத்தாள்.

"கழட்டியாச்சு," என்றாள்.

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. மாமியின் ராகத்திலேயே வந்துவிட்டது. சுவரில் வீரம்மாவும் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தாள். வடிவு பிளக்கை அதில் தொங்கவிட்டாள். "மாட்டியாச்சு" என்று சொல்லப் பார்த்தாள், குரல் வரவில்லை.

அந்த இடத்தில் வீரம்மா ஓவென்று வெடித்தாள்.

"நான் கேட்டேன்! இன்னிக்கிக் காலைலயும் கேட்டேன்! சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு மாவு பெசஞ்சுக்கிட்டிருந்தேன். ரெண்டும் சொல்லுச்சு மீனம்மாக்கா. கழட்டியாச்சுன்னும் சொல்லுச்சு, மாட்டியாச்சுன்னும் சொல்லுச்சு. அதுக்குப் பெறகுதான் சட்டி உருண்டுச்சு."

"ஏன் அப்பவே சொல்லல?" என்று முத்துலிங்கம் சீறினார்.

"எழவு வீட்டு வழக்குல தலையக் குடுக்காதன்னு இந்த மனுசன் சொன்னாரு. எனக்கும் பயம். தப்புத்தாங்க." அவள் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வெள்ளிக்கிழம தவறாம கேட்ட கொரலு. கேட்டும் கேக்காத மாதிரி நின்னுட்டேனே."

அந்தப் பக்கத்துக் காம்பராக்காரி, தானும் கேட்டதாகச் சொன்னாள். ஒருத்தி சொன்னதும் இன்னொருத்திக்கும் துணிச்சல் வந்தது. வாசலில் நின்ற மூக்கன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தவர் அப்போதுதான் அழுதார். அக்காவைக் கொன்றதென்று கைகாட்ட ஒரு சாமான் இருந்த வரைக்கும் அவருக்கு அழத் தேவையிருக்கவில்லை.

முத்துலிங்கம் குடையால் தரையைத் தட்டினார். "வீரம்மா, இத நீ ஆபீசுக்கு வந்து தொரைகிட்டச் சொல்லுவியா?"

"சொல்றேங்க."

"நானும் வாறேன்," என்றாள் வடிவு. "ஆறு வீட்டுப் பொம்பளைங்களும் வருவோம். தொரை நம்புற வரைக்கும் ஆபீஸ் வாசல்லயே நிப்போம். அதுவரைக்கும் கம்பியில யாரும் கை வைக்கக்கூடாதுங்க ஐயா."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. நீங்க வந்து பேசுற வரைக்கும் வைக்க மாட்டாங்க. நான் சொல்லிக்கிறேன்."

மூக்கன் உள்ளே வந்தார். துண்டை இரண்டாக மடித்து, சட்டியின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினார். "வழி விடுங்க," என்றார். "தண்ணி ஆறிடும்."

சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, பெண்கள் மீனம்மாவை இஸ்தோப்பில் குளிப்பாட்டினார்கள். வடிவு முதல் சொம்பை ஊற்றுவதற்கு முன்னால் தன் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்தாள்.

பிரேதத்துக்கு முன்னால் அடித்துப் போன தப்புச் சத்தம் தேயிலைக்குள் இறங்கி, வளைவு திரும்பி, குறைந்துகொண்டே போனது. ஆண்கள் எல்லோரும் பின்னால் போய்விட்டார்கள். பூரணியை யாரோ தங்கள் வீட்டுக்குத் தூக்கிப்போயிருந்தார்கள். பிரேதம் போன வீட்டைக் கழுவ வேண்டும். வடிவு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே அடுப்பு மூலைக்கு வந்தாள்.

மண்மேடையில் பாதிதான் மெழுகியிருந்தது. சுவர்ப் பக்கத்துப் பாதி காய்ந்து வெளுத்திருந்தது. அதில் மாமியின் விரல் போன தடங்கள் பிறை பிறையாகத் தெரிந்தன. கடைசிப் பிறை நடுவிலே நின்றிருந்தது. இந்தப் பக்கம் பழைய மண்.

வீரம்மாவின் காம்பராவிலிருந்து அடுப்பு திரும்பி வந்து ஓரமாக இருந்தது. வயர் சுருட்டிக் கட்டியிருந்தது. எதிலும் சொருகியிருக்கவில்லை. ஆனாலும் வடிவு கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு பிளக்கை எடுத்தாள்.

"கழட்டியாச்சு," என்றாள், சத்தமாக.

ஆணியில் தொங்கவிட்டாள்.

"மாட்டியாச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் வீரம்மா "ம்" என்றாள்.

வடிவு சாணியைக் கரைத்து, மேடையின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். பழைய மண்ணை ஓரத்திலிருந்து மெழுகிக்கொண்டே வந்தாள். நடுவில் நின்றிருந்த பிறை வரைக்கும் வந்ததும், அதன் மேல் படாமல் கையை எடுத்துக்கொண்டாள்.