சர்க்கரைத் தட்டு

அக்கா நாற்பது நாள் விடுப்பில் போகும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனது ஒரே ஒரு உள்ளங்கை அகலத் தட்டு. அதில் ஏழெட்டு வெளுத்த புள்ளிகள். ஆறு வருட ஆராய்ச்சியில் கண்ட பலன் அவ்வளவுதான். கூடப்பிறந்த அக்கா இல்லை. அவர் ஆராய்ச்சி செய்கிற ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் தட்டுகளுக்கு ஊட்டக்கூழ் ஊற்றுகிற என்னையும் ஒரு ஆளாக மதித்துப் பேசுவார், அதனால் அக்கா.

ஒவ்வொரு புள்ளியும் கோடிக்கணக்கான ஈஸ்ட் செல்கள். ஒரு செல்லே ஒரு முழு உயிர். இந்தச் செல்களில் உட்கரு ஒரு வகை ஈஸ்ட்டுடையது, மூச்சுக்குப் பொறுப்பான மைட்டோகாண்ட்ரியா வேறொரு வகையுடையது. அக்கா செய்து வைத்த கட்டாயக் கல்யாணம். மூச்சுக்கு வேண்டிய பாகங்களில் பெரும்பாலானவற்றை உட்கருதான் செய்து அனுப்பும், சிலவற்றை மைட்டோகாண்ட்ரியா தானே செய்யும். இரண்டும் பொருந்தினால்தான் மூச்சு. ஐந்து வருடம் பொருந்தவே இல்லை, ஆறாவதில்தான் இந்த ஏழெட்டுப் புள்ளிகள். வம்பு பிடித்த ஜோடி.

"கிளிசரால் தட்டுல மட்டும் வளர்த்துட்டு வா," என்றார் அக்கா. "அதுல மூச்சு விட்டாத்தான் சாப்பாடு. ரெண்டும் சேர்ந்து வேலை செஞ்சே ஆகணும். மூணு தடவை புதுத் தட்டுக்கு மாத்தி வளர்த்து, அப்புறம் உறைபெட்டியில வச்சிடு."

மூன்று முறை நிலைத்த பிறகுதான் உறைபெட்டி என்பது எங்கள் கூடத்து வழக்கம். யார் கண்டுபிடித்த வழக்கமோ, அவரை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். வேறு ஊரில் வேலை பார்க்கும் கணவரோடு ஒரே வீட்டில் இருந்து பார்க்கப் போகிறாராம். "ஒத்து வருதான்னு பாக்கணும்," என்றார்.

எனக்கு அப்போது அலுப்பென்றால் அப்படியொரு அலுப்பு. அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில். காலையில் அண்ணி வந்து என்னை மாற்றிவிட்ட பிறகுதான் நான் பஸ்ஸைப் பிடிக்க முடியும். கிளிசராலில் ஒரு தட்டு வளர ஆறு நாள். லீவு நாளிலும் வந்து பார்க்க வேண்டும். இரண்டாவது தட்டில் மூன்றே புள்ளிகள் தேறின. சவலைப் பிள்ளைக்குக் கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று சர்க்கரைத் தட்டில் போட்டேன். பழைய தட்டை வழக்கம்போல் அவித்துக் கொட்டினேன்.

இரண்டே நாளில் தட்டு நிறைந்துவிட்டது. புள்ளிகள் கொஞ்சம் சிறியவை. நெருக்கத்தினால் என்று நினைத்துக்கொண்டேன். போட்டோ எடுத்து, இரண்டே நாளில் வளர்ந்தது என்று எழுதி அனுப்பினேன். "குடித்தனம் நடத்த ஆரம்பிச்சிடுச்சு போல," என்று அக்கா பதில் போட்டார். சர்க்கரை என்று நான் சொல்லவில்லை. அடுத்த தடவையும் சர்க்கரையே போட்டேன், அதற்கடுத்த தடவையும். லீவு நாளில் தூங்கினேன்.

எனக்குத் தெரியாத சங்கதியா? சர்க்கரை இருந்தால் ஈஸ்ட் மூச்சு விடவே வேண்டாம், புளிக்கவைத்தே பிழைத்துக்கொள்ளும். வேலையில்லாத மைட்டோகாண்ட்ரியா தன்னிடமிருக்கும் மரபுக்குறிப்பை மெல்லத் தொலைத்துவிடும், புள்ளிகளும் சிறுத்துப்போகும். உட்கரு அதைத் தேடுவதில்லை. அப்புறம் சண்டையே இல்லை, சண்டை போட மறுபக்கம் ஆளில்லை. எல்லாம் தெரியும். அலுத்துப்போன மனுஷிக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்.

அக்கா திரும்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, உறைபெட்டியில் வைப்பதற்கு முன் சோதிக்கலாமென்று பத்து கிளிசரால் தட்டுகளில் பரப்பினேன். ஆறு நாள் பார்த்தேன். ஏழாம் நாளும் பார்த்தேன். பத்தும் துடைத்து வைத்ததுபோல் இருந்தன.

மறுநாள் காலை அக்கா வந்தார். பையை இறக்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். அவர் ஒரு வெறும் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"போட்டோவுல புள்ளி சின்னதாத்தான் தெரிஞ்சுது," என்றார். "ரெண்டு நாள்ல அது வளராதுன்னும் தெரியும். நான் கேக்கல. நல்லா இருக்குன்னு நம்பணும்போல இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பேச்சை மாற்றத் தெரியாமல், "அங்க எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு." தட்டை மேசையில் வைத்தார். "நாப்பது நாள்ல ஒரு சண்டைகூட இல்ல."

இருவரும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அக்கா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"முதல்லேருந்து ஆரம்பிக்கணும். புதுசா எத்தனை தட்டு ஊத்தி வச்சிருக்கே?"

"பன்னெண்டு."

"கிளிசரால்தானே?"

"ஆமாக்கா," என்றேன்.