அடுப்புச்சாமிக்கு ஒரு வாய் மிட்டாய்

அடுப்புச்சாமி வருடம் முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்து எங்கள் லட்சணத்தை எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். சீனப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் இருக்கையில் வானத்துக்குப் போய் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். அதனால்தான் கிளம்பும் முன் அவர் வாயில் பிசுபிசுவென்ற மிட்டாயைத் தடவி அனுப்புகிறோம். பச்சை லஞ்சம்தான். எங்கள் வடசீன ஊரான ஜினானில் யாரும் இதற்கு வெட்கப்பட்டதில்லை.

இந்த வருடம் இங்கிலாந்தில், லீட்ஸில் எனக்கு அந்த லஞ்சம் ரொம்பவே தேவைப்பட்டது. நிதியியல் படிக்க வந்தவள், அக்டோபரில் வீட்டுக்குச் சொல்லாமல் பொம்மலாட்டப் படிப்புக்கு மாறிவிட்டேன். அங்கே அப்பா, காய்கறிக்காரர் முதல் பல் டாக்டர் வரை எல்லோரிடமும் "எம் பொண்ணு பேங்க்ல பெரிய ஆளா வரப்போறா" என்று பீற்றிக்கொண்டிருக்கிறார். அவர் காதில் விழுந்தால் அடுத்த விமானத்தில் ஊர்தான். பொம்மையாவது, நூலாவது!

அம்மா தபாலில் அனுப்பிய மிட்டாயைச் சட்டியில் போட்டு இளக்கினேன். கூடத் தங்கியிருக்கும் பெய்ரோங் எட்டிப் பார்த்தாள். சுஜோக்காரி, தெற்கத்திப் பெண். பொய் சொல்லவே வராது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வாள்.

"என்னடி, இது சாமிக்கு மிட்டாயா, இல்ல சுவத்துக்குப் பூசுறதா?"

"உனக்கென்ன? அவரு வாயத் திறக்கவே கூடாது."

"எங்க ஊர்ல நாளைக்குத்தான் சாமி கிளம்புவாரு. வடக்கத்திக்காரங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்."

மைக்ரோவேவ் மேல் சாய்த்து வைத்திருந்த சாமி படத்தில், மீசை மறையும்வரை அப்பினேன். படத்தைக் கொளுத்தினால்தான் அவர் மேலே போவார். உள்ளே கொளுத்தினால் புகைமணி அலறி, விடுதியே தெருவுக்கு வந்துவிடும். குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில், மழையில், பெய்ரோங் குடை பிடிக்க, ஒரு தகர டப்பாவில் வைத்துக் கொளுத்தினேன். போனில் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு நண்பகல், அவளுக்கு இரவுச் சாப்பாடு முடிந்த நேரம்.

சாமி புகையாகப் போனார். அப்பாடா என்று சமையலறைக்குத் திரும்பினோம்.

"சரி, நீயும் ஒரு வாய் சாப்பிடு" என்றாள் அம்மா.

சட்டியில் இருந்ததில் ஒரு பெரிய கவளமாக எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஐயோ! மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டன.

"பரீட்சை எப்படிடி எழுதின?"

"ம்ம்ம்."

"அட கழுத, வாய் ஒட்டிக்கிச்சா? ஏம்மா பெய்ரோங், நீ சாப்பிடலையா?"

"எங்களுக்கு நாளைக்குத்தான் ஆன்ட்டி."

"அப்ப நீயே சொல்லு. ஒழுங்கா எழுதினாளா?"

சாமியின் வாயை அடைக்கிற மும்முரத்தில் இவளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்காமல் போனேனே! பெய்ரோங்கின் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"பொம்மலாட்டத்துல பரீட்சை ஏது ஆன்ட்டி? அக்டோபர்லேர்ந்து ஒரு கழுதை பண்ணிட்டிருக்கா. காது தனியா ஆடுது. அவ்ளோ அழகு!"

அம்மாவின் முகம் கறுத்தது. என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வாய் இருந்தும் ஊமை.

கடைசியில் கேட்டாள்: "வால் ஆடாதா?"

இன்னும் இல்லை என்று தலையசைத்தேன்.

அதற்குள் அந்தப் பக்கம் செருப்புச் சத்தம். "என்னவாம் நம்ம பேங்க்காரிக்கு?" என்றபடி அப்பா வந்தார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். தட்டிலிருந்த மிட்டாயில் இருப்பதிலேயே பெரியதாக எடுத்து வாயில் போட்டுக் கடித்துக்கொண்டு, அப்பாவிடம் தாடையைத் தொட்டுக் காட்டினாள்.

"என்ன, அம்மாவும் பொண்ணும் ஒரே நேரத்துல ஊமையாயிட்டீங்களா?" அப்பா போனைத் தன் பக்கம் திருப்பினார். "ஏம்மா பெய்ரோங், நீயாவது சொல்லு. பரீட்சை என்ன ஆச்சு?"

பெய்ரோங் சிரித்தபடி வாயைத் திறந்தாள்.

சட்டியில் மிச்சமிருந்ததை எல்லாம் கரண்டியோடு வழித்து அதற்குள் திணித்தேன். அவள் ஊர்ச் சாமியும் இந்த வருடம் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பட்டும்.