பந்து தராதவன்

ஸ்காட்லாந்தின் கிர்க்பர்ன் சுரங்கக் கிராமத்துக் கால்பந்து அணியில் ஹியூ பர்டி இடது ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கிக் கொடுப்பான். ஆர்ச்சி லெயிட்லா தலையால் முட்டிக் கோல் போடுவான். இருவரும் ஒரே சுரங்கத்தில் கரி வெட்டியவர்கள். கொடுத்தது ஹியூ, ஊர் தோளில் தூக்கியது ஆர்ச்சியை. ஹியூவுக்கு அது ஆறவே இல்லை.

ஒரு மார்ச் மாதம் இங்கிலாந்து கிளப்பொன்றுக்கு ஆட்டக்காரர்களைத் தேடும் ஆள் ஆட்டம் பார்க்க வந்தான். அவன் ஆர்ச்சியைப் பற்றியே விசாரித்தது ஹியூவின் காதில் விழுந்தது. அன்று முழுக்க ஒரு பந்தைக்கூட ஹியூ ஆர்ச்சிக்குத் தரவில்லை. தானே அடித்து வீணாக்கினான். இல்லையென்றால் பின்னால் தட்டிவிட்டான். காத்திருந்து அலுத்த ஆர்ச்சி நடுமைதானத்துக்கு இறங்கிவந்து, எதிரணிக்காரன் காலிலிருந்தே பந்தைப் பறித்து, சேற்றில் ஒவ்வொருவராகத் தாண்டிப்போய் வலைக்குள் போட்டான். அப்படி ஆடத் தெரியும் என்பது அவனுக்கே அதுவரை தெரியாது.

ஆட்டம் முடிந்து ஹியூ பூட்ஸ் கழற்றும்போது ஆர்ச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“என்னை எடுத்துக்கிட்டாங்கடா. நீ பந்தே தராம விட்டது நல்லதாப் போச்சு.”

குத்தலா என்று ஹியூ அவன் முகத்தில் தேடினான். வெறும் சந்தோஷம்தான் இருந்தது.

சுரங்கத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தத்தின்போது, கூலியில்லாமல் ஹியூ இலவச சூப்புக்கு வரிசையில் நின்றான். முன்னால் நின்றவன் கையிலிருந்த பத்திரிகையில், ஸ்காட்லாந்து தேசிய அணியின் நீலச் சட்டையில் ஆர்ச்சி சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்தும் ஹியூ கிண்ணத்தைத் தொடவில்லை.

“அவன் கோல் போட்டா உனக்கு ஏன் தொண்டை அடைக்குது?” என்றாள் மனைவி நெட்டி.

சில வருடம் கழித்து ஆர்ச்சியின் முழங்கால் முறிந்தது. கிளப் கைவிட்டது. நொண்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியவனுக்குச் சுரங்கத்தின் மேலே, வெட்டிவந்த கரியில் கல் பொறுக்கும் அற்பக் கூலி வேலை கிடைத்தது. இனியாவது நெஞ்சு அடங்கும் என்று ஹியூ நினைத்தான்.

அடுத்த சனிக்கிழமை, வயதாகியும் ஆடிக்கொண்டிருந்த ஹியூ, தன் வாழ்நாளிலேயே மிக அழகான கோலைத் தொலைவிலிருந்து அடித்தான். திரும்பிப் பார்த்தால், கோட்டோரத்தில் கூட்டம் மொத்தமும் ஆர்ச்சியைச் சூழ்ந்துகொண்டு இங்கிலாந்துக் கதை கேட்டுக்கொண்டிருந்தது. கோலைப் பார்த்தவன் ஆர்ச்சி ஒருவன்தான். ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் கைதட்டினான்.

அந்தக் கைதட்டலை மட்டும் ஹியூவால் தாங்கவே முடியவில்லை.