துண்டுச் சுருள்

ஆறு தொட்டில், ஆறு பால்புட்டி, ஆறு துண்டு. துண்டைச் சுருட்டிக் கன்னத்தோரம் வைத்து, அதன்மேல் புட்டியைச் சாய்த்துவிட்டால் குழந்தை தானே குடித்துக்கொள்ளும். யாரும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இந்த அநாதைக் குழந்தைகள் காப்பகத்தில் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான்தான், இருபத்திரண்டு வருஷமாக இங்கே இருக்கும் மூத்த ஆயா. பார்க்க வருகிறவர்கள் என் அறை வாசலில் நின்று, "குழந்தைங்க இருக்கிற இடமா இது? சத்தமே இல்லையே!" என்று வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

புதிதாக வந்த ஆயா ஒருத்தி அதைக் கெடுத்தாள். ஏழு மாதப் பெண்குழந்தை ஒன்றை நாள் முழுக்க இடுப்பில் வைத்துக்கொண்டே திரிந்தாள். அதுவும் அவளை விட்டு இறங்காது. துணியில் ஒட்டினால் விடாத ஒட்டுப்புல் என்றே எல்லோரும் அதைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் கழிப்பறைக்குப் போனால்கூட வீறிடும். அது அழ, மற்ற ஐந்தும் சேர்ந்து அழ, என் அறை சந்தைக்கடை ஆனது.

"அழுதா தூக்காதேன்னு உனக்கு எத்தனை வாட்டி சொல்றது?"

"என்னைத் தேடுதுக்கா. பாவம்."

"இன்னிக்கு நீ இருப்ப. நாளைக்கு யாரைத் தேடும்? ஒட்ட விடாம இருக்கிறதுதான்டி அதுக்கு நல்லது."

நம்பித்தான் சொன்னேன். அவளைத் துணி துவைக்கும் அறைக்கு மாற்றினேன். குழந்தைகள் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றேன். ஒட்டுப்புல் மூன்று நாள் அழுதது. தொண்டை கட்டிப்போய், கடைசியில் வாய் மட்டும் திறந்து மூடியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வாஷிங் மெஷினை ஓயாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். துவைக்க அவ்வளவு துணி கிடையாது என்று எனக்குத் தெரியும். நாலாம் நாள் அழுகை நின்றது. துண்டைச் சுருட்டி வைத்தேன். கூரையைப் பார்த்தபடி குடித்தது. அப்பாடா, ஜெயித்துவிட்டேன். கோப்பில், 'சமர்த்து. யாரிடமும் போகும். தொந்தரவு இல்லை' என்று எழுதினேன்.

அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் ஒரு தையற்காரியும் அவள் கணவனும் ஒன்றரை வயதில் அதை வளர்க்க அழைத்துப் போனார்கள். நாலே மாதத்தில் திரும்பி வந்து நின்றார்கள். குழந்தையின் ஒரு கையில் பால்புட்டி. மற்றக் கையில் நடுவிரல் கறுத்து வீங்கியிருந்தது.

"கதவிடுக்குல மாட்டிக்கிச்சு. நான் பக்கத்து ரூம்லதான் தைச்சுக்கிட்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படியே நின்னுச்சோ! அம்மான்னு கூப்பிட வேணாங்க, ஆன்னாவது கத்தலாம்ல?" தையற்காரிக்குக் குரல் உடைந்தது. "நான் வெளியே போனாலும் பார்க்காது, உள்ளே வந்தாலும் பார்க்காது. தெருவுல போறவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்துடுது. அதுக்கு நான் யாருங்க?"

"போகப் போகப் பழகிடும்மா."

"என்னால முடியலைங்க. நீங்களே வச்சுக்கோங்க."

கணவன் குழந்தையின் துணிப்பையை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டான். நான் எழுதிய கோப்பு அந்தப் பைக்கு அடியில் கிடந்தது. அதை உருவி எடுத்து என் வரியைப் படித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை கோப்பில் அதே வரியை எழுதியிருப்பேன்!

துவைக்கும் அறைக்கு நானே ஓடினேன். "உன் ஒட்டுப்புல் வந்திருக்குடி, வா" என்றேன். மடித்த துணிக்கூடை இடுப்பில் இருக்க, அப்படியே ஓடிவந்தாள். கூடையை வைத்துவிட்டுத் தரையில் மண்டிபோட்டு இரண்டு கையையும் விரித்தாள்.

"என் ஒட்டுப்புல்லு! நான்தான்டி. இங்க பாரு."

குழந்தை அவளை நோக்கி நடந்துவந்தது. கடவுளே, ஒரே ஒரு தடவை அழுதுவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். விரித்த கைகளைத் தொடாமல் சுற்றிக்கொண்டு அது கூடையிடம் போனது. ஒரு துண்டை இழுத்துத் தரையில் போட்டுச் சுருட்டியது. அதன்மேல் புட்டியைச் சாய்த்துக்கொண்டு, வீங்கிய விரல் எதிலும் படாமல் கையை ஒதுக்கிப் படுத்து, கூரையைப் பார்த்தபடி குடிக்க ஆரம்பித்தது.