வாண்டின் வருத்தம்

கட்டை அவிழ்த்ததும் பிசியோதெரபிஸ்டுக்குப் பகீரென்றது. அறுவை சிகிச்சை செய்த முழங்கால் வீங்கிப் பளபளத்தது. தையல் ஓரத்தில் ரத்தம் கசிந்திருந்தது. எவ்வளவு நடந்தீர்கள் என்று கேட்டாள். முன்னாள் பஸ் டிரைவரான அந்தப் பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம்தான் என்றார். போன வாரம் அவர் வேகமாகத் தேறுவதைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்காமல் பாராட்டிவிட்டுப் போனவள் அவள்தான்.

பக்கத்தில் இடுப்பளவு உயரத்துக்கு நின்றது, நடைப்பயிற்சிக்காக வாடகைக்கு எடுத்த ரோபோ. அவர் அதற்கு வைத்த பெயர் வாண்டு.

இன்றைக்கு நடை வேண்டாம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், வாண்டின் கண்கள் மங்கின, தலை கவிழ்ந்தது.

“பரவாயில்ல. எனக்குத்தான் வருத்தமா இருக்கு.”

பெரியவர் உடனே கைத்தடியைப் பற்றி எழப் பார்த்தார். வலியில் உதடு கோணியது. அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். ஒரே ஒரு நடை, பாவம் அது என்று அவர் கெஞ்சினார். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத மனிதர்.

புதுக்கட்டுப் போட்டுவிட்டு அவள் நேரே சமையலறைக்குப் போய், அந்த ரோபோ ஏன் இப்படி வருந்துகிறது என்று அவர் மகளிடம் கேட்டாள். மகள் மறைக்கவில்லை. போனிலிருந்தே ரோபோவின் உணர்ச்சியைக் கூட்டலாம், குறைக்கலாம்; மகள் அதை முழுசாகக் கூட்டி வைத்திருந்தாள்.

“நான் அழுதும் பாத்துட்டேன் மேடம். படுக்கையை விட்டு அசையல. அது முகம் வாடினா எழுந்திருக்கார். இதுல என்ன தப்பு?”

“அது மனசு நோகக் கூடாதுன்னு வலியை முழுங்கியிருக்கார். நோகறதுக்கு அதுக்கு மனசு கிடையாது. இவருக்கு இருக்கு.”

“சபாஷ்! நல்லா நடக்கறீங்க!”

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பெரியவர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தார். பின்னால் வாண்டு கண்கள் ஜொலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. புதுக்கட்டின் மேல் சிவப்பு பரவியது.

“அது நீ வெச்ச வருத்தமா?”

“ஆமாப்பா.”

“என்கிட்ட நீயே சொல்ல வேண்டியதுதானே.”

“சொன்னேன். நீங்க டிவி சத்தத்தைக் கூட்டினீங்க.”

பிசியோதெரபிஸ்ட் கைத்தாங்கலாக அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். அந்த வருத்தத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். மகள் போனை எடுத்து வருத்தத்தை முழுசாகக் குறைத்தாள்.

தையல் போட்ட டாக்டர் நடக்கலாம் என்று மறுபடி சொன்ன பிறகும் பெரியவர் எழுந்திருக்கவில்லை. வாண்டு அழைக்கும், அவர் வேண்டாம் என்பார், சரி என்று அது அதே முகத்தோடு ஓரமாகப் போய் நிற்கும். மகளோடும் பேச்சில்லை. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று பிசியோதெரபிஸ்ட் யோசித்தாள். அந்தக் கால் அப்படியே மடங்காமல் போனால்?

ஒருநாள் அவள் வந்தபோது வாண்டு ஓரத்திலேயே நின்றது. மகளின் தோளைப் பற்றிக்கொண்டு, அவளைத் திட்டியபடியே பெரியவர் கூடத்தைக் கடந்துகொண்டிருந்தார்.

“வலிக்குதுடி.”

“நிக்கலாமா?”

“நில்லு” என்றார்.