பாக்கலாமுங்க

பெருந்துறைப் பக்கம் ஒருவர் "பாக்கலாமுங்க" என்று இழுத்தால், அந்தக் காரியம் நடக்காது என்று அர்த்தம். கேட்டவரும் மனத்தாங்கல் இல்லாமல் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்துப் பிளானோ நகரில் கேட்டரிங் நடத்தும் வசந்தாமணி பிறந்து வளர்ந்தது அங்கேதான். அவளுக்கு ஆர்டர் கொடுத்த மாளவிகாவோ மயிலாப்பூர்க்காரி. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அதே ஊரில் லெகஸி என்ற பகுதியில் ஒரு பெரிய கம்பெனியில் ஊழியர்களின் மதியச் சாப்பாட்டுக்கு மாளவிகாதான் பொறுப்பு. புதன்கிழமை ஒரு நாள் போட்டுப் பார்ப்பது, பிடித்திருந்தால் வருஷம் முழுக்கப் புதன்தோறும் தருவது என்று பேச்சு. வசந்தாமணி நாலு வருஷமாகக் காத்திருந்த வாய்ப்பு அது. அவள் கிச்சனில் இருநூற்றைம்பது சாப்பாடு தாராளமாக வரும். "அறநூறு ஆனா முடியுமா?" என்று மாளவிகா போனில் கேட்டபோது, பட்டென்று முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பாக்கலாமுங்க" என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது. அறுநூறு பேருக்கு கன்ஃபர்ம் ஆகிவிட்டதாம். போஸ்டர் கூட ஒட்டியாகிவிட்டதாம்.

"சாம்பார்ல கொஞ்சம் தண்ணிய விட்டா நானூறு வரைக்கும் இழுத்தரலாம் புள்ள," என்றான் அவள் கணவன் செல்வராஜ். வசந்தாமணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் அவசரமாக எழுந்து, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தான்.

உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் போனை எடுத்தாள்.

"மாளவிகா, தப்பு எம்மேலதானுங்க. எங்க ஊர்ல பாக்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம். என் கிச்சன்ல எறநூத்தம்பதுதான் வரும்."

"ஐயோ! எங்க வீட்ல பாக்கலாம்னா பண்ணிடலாம்னு அர்த்தம்! எல்லாருக்கும் இன்வைட் போயாச்சு. என் மேனேஜர்கிட்ட நான் என்ன சொல்றது?"

"அறநூறு பேருக்கும் சாப்பாடு வருமுங்க. அது எம்பொறுப்பு. மிச்சத்த யாரு சமைக்கறாங்கன்னு நாளைக்கே உங்களுக்குச் சொல்லிடறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவ்வளவு பேருக்குச் சமைக்க அந்த வட்டாரத்தில் இருந்தவர் ஒருவர்தான். பக்கத்து ஊரான ஆலனில் மெஸ் வைத்திருக்கும் கிட்டுசாமி. போன தீபாவளிக்கு அவளுடைய பலகார ஆர்டரை விலை குறைத்துத் தட்டிப் பறித்த அதே கிட்டுசாமி. அன்றிலிருந்து கோயிலில் பார்த்தால்கூட அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மறுநாள் காலையில் அந்த முகத்தோடுதான் அவர் கடைக்குள் நுழைந்தாள்.

"வாங்க அம்மணி. வழி தெரிஞ்சுதுங்களா?" என்றார் கிட்டுசாமி. குத்தல் புரிந்தது. விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

அவர் சந்தேகத்தோடு பார்த்தார். "நான் ஆக்கறதுக்கு உங்க பேரப் போட்டுக்குவீங்களாக்கும்?"

"உங்களுதுக்கு உங்க பேருதானுங்ண்ணா. ஆனா வண்டி ஏத்தறதுக்கு முந்தி நான் ருசி பாப்பேன். சரியில்லீன்னா ஏத்த மாட்டேன்."

யாராவது கைக்கு வந்த வாடிக்கையாளரைக் கொண்டுபோய்ப் போட்டிக்காரனுக்கு அறிமுகம் செய்து வைப்பார்களா? கிட்டுசாமி ஒரு நிமிஷம் தாடையைச் சொறிந்தார். பிறகு சரி என்றார். அங்கிருந்தே மாளவிகாவைக் கூப்பிட்டு அவர் பெயரைச் சொன்னாள் வசந்தாமணி.

புதன்கிழமை பத்து மணிக்கு அவருடைய சாம்பாரை ஒரு கரண்டி வாயில் விட்டாள். அவளுடையதைவிட நன்றாக இருந்தது. வயிறு எரிந்தது. "என்னுதவிட உங்களுது நல்லா இருக்குதுங்ண்ணா," என்று மனசாரச் சொல்ல முடியாவிட்டாலும் வாயாரச் சொல்லிவிட்டாள். உள்ளதை உள்ளபடி சொல்வது அந்த வாரத்தில் அவளுக்குப் பழக்கமாகிக்கொண்டு வந்தது.

அறுநூறு பேரும் சூடாகச் சாப்பிட்டார்கள். மேசைகளில் இரண்டு பெயர்ப் பலகைகள் இருந்தன. லீவு போட்டுவிட்டு ஏப்ரனோடு நின்ற செல்வராஜ், வந்தவர்களிடமெல்லாம், "ஓனர் அவங்க, நான் டிரைவர்," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். பலர் கிட்டுசாமியின் சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். வருஷ ஆர்டர் கையைவிட்டுப் போய்விட்டது என்றே வசந்தாமணி நினைத்தாள்.

பாத்திரங்களை ஏற்றும்போது மாளவிகா வந்தாள். கிட்டுசாமியும் பக்கத்தில்தான் நின்றார்.

"எவ்ரி வெட்னஸ்டே, ஒரு வருஷத்துக்கு. ஆனா கான்ட்ராக்ட் ஒரே பேர்லதான் போட முடியும்."

வசந்தாமணி கையிலிருந்த மூடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பேர்லதான் போடப் போறேன். சாம்பார் அவரோடது சூப்பர், ஒத்துக்கறேன். ஆனா என்னிக்காவது ஒரு நாள் இங்க ஏதாவது தப்பாப் போகும். அன்னிக்கு எனக்கு முதல்ல ஃபோன் பண்ணி உண்மையச் சொல்ற ஆள் வேணும்."

கார் பார்க்கிங் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் போலிருந்தது வசந்தாமணிக்கு. என் கம்பெனி, என் பேர், என் வாய்ச்சொல் என்று பெருமை தொண்டை வரை ஏறி வந்தது. செல்வராஜ் வண்டியின் பின்பக்கம் போய் நின்று மூக்கை உறிஞ்சினான்.

கிட்டுசாமி தன் அண்டாவைத் தூக்கப் போனார். அவள் அண்டாவின் மறுபக்கத்துக் காதைப் பிடித்தாள்.

"ஏனுங்ண்ணா, அடுத்த புதனுக்கும் சாம்பார் உங்களுதுதான். முன்னூத்தம்பது பேருக்கு. முடியுமா, முடியாதா? இப்பவே சொல்லிப் போடுங்க."